யாருடைய விமானத்தில் ஏறுகிறோம்?



உம்ராவுக்குப் பணம் கட்டிய வீட்டில் பல நாட்களுக்கு அதே பேச்சாகத்தான் இருக்கும். ஹோட்டலிலிருந்து ஹரமுக்கு எவ்வளவு தூரம், சாப்பாடு யார் தருவது, பெட்டிக்கு எத்தனை கிலோ, ஸம்ஸம் எத்தனை லீற்றர் கொண்டுவரலாம் என்று எல்லாம் விசாரிப்போம். எந்த விமானம் என்று கேட்டால் முகவர் ஒரு பெயரைச் சொல்வார். அது முன்பின் கேள்விப்படாத பெயராக இருந்தால், "நல்ல பிளேன்தான் ராத்தா, போன கிழமையும் ஒரு குரூப் போனது" என்பார். நாமும் பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டுவிடுவோம்.

இந்த விடயத்தில் இன்னும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதன் பெறுமதியை எமது மண்ணிலேயே நடந்த இரண்டு விபத்துக்கள் சொல்கின்றன.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட 182 பேருடன் கட்டுநாயக்காவை நோக்கி வந்த விமானம் ஒன்று மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதியது. பணியாளர்கள் உட்பட 191 பேரும் வபாத்தானார்கள். தாம் எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்து, மலைக்கு மேலேயே கீழிறங்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கு வருடங்களுக்குப் பின், 1978 நவம்பர் 15ஆம் திகதி, ஜித்தாவிலிருந்து ஹஜ்ஜை முடித்துக்கொண்டு சுரபாயா திரும்பிய ஹாஜிகளின் விமானம் கட்டுநாயக்காவை நெருங்கும்போது தென்னந்தோட்டத்தில் விழுந்தது. அதில் 183 பேர் இறந்தார்கள், 79 பேர் தப்பினார்கள். விமானிகள் உயரத்தைக் கவனிக்கவில்லை என்றது இலங்கை விசாரணை. எமது விமான நிலையத்தின் வழிகாட்டிக் கருவியில்தான் கோளாறு என்றது ஐஸ்லாந்துத் தரப்பு.

ஐஸ்லாந்து எப்படி இதற்குள் வந்தது என்று யோசிக்கிறீர்களா? விடயமே அதுதான். இரண்டு பிரயாணங்களையும் ஏற்பாடு செய்தது இந்தோனேசியாவின் கருடா நிறுவனம். ஆனால் முதலாவது விமானமும் விமானிகளும் ஒல்லாந்தின் மார்ட்டின்எயருக்குரியவர்கள். இரண்டாவது, ஐஸ்லாந்தின் லொப்ட்லைடிருக்குரியது. ஹஜ் காலத்தில் பயணிகள் திடீரென்று பெருகுவதால், இருக்கும் விமானங்கள் போதாமல் நிறுவனங்கள் வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்கின்றன. விமானத்தோடு விமானிகளையும் சேர்த்து எடுப்பதை வெட் லீஸ் என்பார்கள். அது சட்டபூர்வமான ஏற்பாடு, இன்றும் உண்டு. நல்ல நிறுவனங்களும் செய்கின்றன. ஆனால் டிக்கட்டில் ஒரு பெயரும் வானத்தில் இன்னொரு பெயருமாகப் போகும்போது, யாரைப் பற்றி விசாரிப்பது என்று பயணிக்குத் தெரியாமல் போகிறது.

இதே கதை 1991 ஜூலை 11ஆம் திகதி ஜித்தாவிலும் நடந்தது. நைஜீரியா எயர்வேஸ் பெயரில் ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு சொகோட்டோவுக்குப் புறப்பட்ட விமானம், நேஷன்எயர் என்ற கனடா நிறுவனத்துடையது. டயர்களில் காற்று குறைவாக இருந்தது பராமரிப்பாளர்களுக்கு முன்பே தெரியும். பயணம் பிந்திவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். ஓடுபாதையிலேயே டயர் சூடேறித் தீப்பிடித்தது. மேலெழுந்த விமானம் திரும்பி வந்து சேரவில்லை. 261 உயிர்கள்!

ஆகவே, "எந்தக் கம்பனி டிக்கட்?" என்பதோடு நிற்காமல், "விமானத்தை ஓட்டுவது எந்தக் கம்பனி?" என்று கேளுங்கள். டிக்கட்டில் 'ஒப்பரேட்டட் பை' என்ற சொற்களுக்குப் பின்னால் வரும் பெயர்தான் அது. குழுவாகப் போகிறவர்கள் பற்றுச்சீட்டிலேயே அந்தப் பெயரை எழுதித் தரும்படி கேட்கலாம். முகம் சுளிக்கும் முகவரிடம் ஏன் பணத்தைக் கொடுக்க வேண்டும்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி கற்றுக்கொண்ட சமூகம் நாம்.

பெயர் கிடைத்தபின் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. ஐயாட்டா என்ற சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம் 2003 முதல் ஐயோசா என்ற பாதுகாப்புப் பரிசோதனையை நடத்துகிறது. அதில் தேறிய நிறுவனங்களின் பதிவேட்டை இணையத்தில் எவரும் பார்க்கலாம். வீட்டில் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பிரயோசனமான வேலை! அதில் பெயர் இல்லாத எல்லாமே ஆபத்தானவை என்று அர்த்தமில்லை. சிறிய நிறுவனங்கள் சில அந்தப் பரிசோதனைக்கே போவதில்லை. இருந்தால் மனதுக்கு ஒரு நிம்மதி, அவ்வளவுதான்.

அடுத்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல். இது வந்த விதம் கவலைக்குரியது. 2004 ஜனவரி 3ஆம் திகதி எகிப்தின் ஷர்ம் அல்ஷெய்க்கிலிருந்து புறப்பட்ட பிளாஷ் எயர்லைன்ஸ் விமானம் செங்கடலில் விழுந்து 148 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் பிரான்ஸ் நாட்டவர்கள். பாதுகாப்புக் குறைபாடுகளுக்காக அந்த நிறுவனத்தை 2002இலேயே சுவிட்சர்லாந்து தடுத்திருந்தது என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. பக்கத்து நாட்டுக்குத் தெரிந்தது பயணிக்குத் தெரியவில்லை. அதன் பின்னர் 2006 மார்ச்சில் பொதுவான பட்டியல் வெளியிடப்பட்டது. நாம் ஐரோப்பாவுக்குப் போகாவிட்டாலும் அது எமக்கு உதவும். சில நாடுகளின் கண்காணிப்பே சரியில்லை என்று அந்நாட்டு நிறுவனங்கள் அனைத்தையும் சேர்த்துவிடுவதும் உண்டு. பழைய பட்டியலை வைத்து இன்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. 2007இல் இந்தோனேசிய நிறுவனங்கள் எல்லாம் தடுக்கப்பட்டன. குறைகளைத் திருத்திக்கொண்ட கருடா 2009இல் அதிலிருந்து வெளியே வந்தது.

ஏமாற்றும் அடையாளங்களும் சில உண்டு. விமானம் புத்தம் புதியது என்பார்கள். 2018 அக்டோபர் 29ஆம் திகதி ஜகார்த்தாவுக்கு அப்பால் கடலில் விழுந்து 189 பேர் இறந்த லயன் எயர் விமானம் வந்து சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. விலை மலிவு என்றால் ஆபத்து என்பதும் சரியல்ல. ஐரோப்பாவின் மலிவு நிறுவனமான ரயன்எயர் 1985 முதல் பறக்கிறது, விபத்தில் ஒரு பயணியையும் இழந்ததில்லை. புறப்படுமுன் ஸபருடைய துஆவை ஒலிபரப்பும் விமானத்தில் ஏறினால் உள்ளம் குளிர்கிறதுதான். ஆனால் டயரில் காற்று இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

சேவை என்றதும் சாப்பாடும் தொலைக்காட்சியும்தான் எல்லோருக்கும் நினைவு வரும். அரபு நாடுகளின் விமானம் அல்லாதவற்றில் 'முஸ்லிம் மீல்' என்று குறைந்தது ஒரு நாளைக்கு முன் பதிந்துகொள்ளுங்கள். நடக்க முடியாத உம்மாமாருக்குச் சக்கர நாற்காலியையும் டிக்கட் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். இவற்றைவிடப் பெரிய தலையிடி, இடையில் விமானம் மாறுவது. முழுப் பயணமும் ஒரே டிக்கட்டாக இருந்தால், முதல் விமானம் பிந்தி அடுத்ததைத் தவறவிட்டாலும் உங்களைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அவர்களுடையது. முகவர் மலிவுக்காக இரண்டு தனித்தனி டிக்கட்டுகளை எடுத்திருந்தால் அந்தப் பொறுப்பு எவருக்கும் இல்லை. கைக்குழந்தையுடன் அந்நிய விமான நிலையத்தில் புது டிக்கட்டுக்குப் பணம் தேடுவது எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உண்மையான சேவை ஆபத்தில்தான் தெரியும். 1980 ஆகஸ்ட் 19ஆம் திகதி றியாதிலிருந்து புறப்பட்ட சவூதியா விமானத்தில் தீப்பிடித்தது. விமானி அதைத் திருப்பிப் பத்திரமாகத் தரையிறக்கியும் விட்டார். ஆனால் உடனே நிறுத்திக் கதவுகளைத் திறக்கவில்லை. 301 பேரும் உள்ளேயே இறந்தார்கள். 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவில் இறங்கும்போது இன்னொரு விமானத்தோடு மோதி எரிந்த ஜப்பான் எயர்லைன்ஸ் விமானத்தில் 379 பேர் இருந்தார்கள். ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, எட்டுக் கதவுகளில் மூன்றுதான் பயன்பட்டன. அப்படியிருந்தும் பணியாளர்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். பயணிகளும் கைப்பைகளை விட்டுவிட்டு இறங்கினார்கள்.

அந்தக் கடைசி விடயம் எமது கையிலும் இருக்கிறது. கடவுச்சீட்டு, பணம், அன்றாட மருந்து மூன்றையும் அபாயாவுக்குள் கழுத்தில் தொங்கும் சிறு பையில் வைத்துக்கொண்டால், மேலே உள்ள பெட்டியைத் தேடி எழும்ப வேண்டி வராது. குதி உயர்ந்த செருப்பு அவசரச் சறுக்கியைக் கிழித்துவிடும் என்பதால் தட்டையானதாக அணியுங்கள். ஆசனத்தில் அமர்ந்ததும் முன்னாலும் பின்னாலும் கதவுக்கு எத்தனை வரிசை என்று எண்ணிப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள். புகை சூழ்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. கையால் தடவித்தான் போக வேண்டியிருக்கும்.