கடிகாரமும் கதையும்

கதை எழுத விரும்பும் இளைஞர் முதலில் வாங்குவது ஒரு நல்ல பேனா. அடுத்து வாங்குவது அழகிய அட்டையிட்ட குறிப்பேடு. மூன்றாவதாக அவருக்கு வேண்டுவது எந்தக் கடையிலும் கிடைப்பதன்று. கற்பனை ஊற்றுப் பெருக்கெடுக்கும் நேரம் என்று அதனைச் சொல்லுவர். அந்நேரத்தை நோக்கி அவர் காத்திருக்கிறார். நிலவு எழுகிறது, தென்றல் வீசுகிறது, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் நாளும் முத்துமுத்தாக எழுதப்படுகின்றன. கதை மட்டும் வருவதில்லை.

இங்ஙனம் காத்திருப்போர் ஆந்தனி டிரோலப் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் வரலாற்றை அறிதல் நலம். 1815-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த அவர், தம் 19-ஆம் வயதில் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். 33 ஆண்டுகள் அத்துறையிலேயே பணியாற்றினார். சிற்றூர்களுக்குக் கடிதம் ஒழுங்காகச் சென்று சேர்கிறதா என்று குதிரைமீது ஏறி ஊர் ஊராகச் சென்று பார்ப்பது அவருடைய கடமைகளுள் ஒன்று. தெருவோரத்தில் அஞ்சற்பெட்டி நிறுத்தும் வழக்கம் 1852-இல் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளில் தொடங்கியதும் அவர் கூறிய யோசனையாலேதான். இத்தனை அலுவலுக்கு இடையே அவர் எழுதி முடித்த நாவல்கள் 47.

அவர் கையாண்ட முறையில் மந்திரம் ஒன்றும் இல்லை. காலை 5.30 மணிக்கு மேசைமுன் அமர்வார். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவந்து கொடுப்பதற்கென்றே முதிய வேலைக்காரர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 பவுன் கூடுதலாகக் கொடுத்து வந்தார். தம் வெற்றிக்கு வேறு எவரையும்விட அம்முதியவருக்கே தாம் மிகக் கடமைப்பட்டிருப்பதாக அவர் பின்னர் எழுதினார். அது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. விடியற்காலைக் குளிரில் போர்வையை விட்டு எழுந்தவர்க்கே அதன் உண்மை விளங்கும்.

முதல் அரைமணி நேரம், முந்திய நாள் எழுதியதைச் சொற்களின் ஓசை செவிக்கு இசைகிறதா என்று படித்துப் பார்ப்பதற்கு. பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். வாரந்தோறும் எழுதிய பக்கங்களைக் கணக்கேட்டில் குறித்துக்கொள்வார். பொதுவாக வாரத்திற்கு 40 பக்கம். சில வாரங்களில் 20. ஒருமுறை 112-ஐயும் எட்டியது. பணம் கடன் கொடுத்தவர்கூட இவ்வளவு கண்டிப்பாக வட்டிக் கணக்கு எழுதியிருக்கமாட்டார்! சோம்பிக் கழித்த வாரம் ஏட்டில் வெற்றிடமாக நின்று அவரை நாணச் செய்தது. 1858-இல் அலுவலின் பொருட்டு எகிப்துக்குக் கப்பலில் சென்றபோது கடல் கொந்தளித்தது. குமட்டல் மிகும்போதெல்லாம் தாளை மேசைமேல் விட்டுத் தம் அறைக்கு ஓடுவார். தெளிந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவார். அந்நாவலை ஒருநாள் முடித்தார்; மறுநாளே அடுத்ததைத் தொடங்கினார்.

அவர் 1882-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில் இவற்றையெல்லாம் ஒளிக்காமல் கூறியிருந்தார். செருப்புத் தைப்பவர் மனவெழுச்சிக்காகக் காத்திருப்பதில்லை. நாவலாசிரியர் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஈட்டிய பொருளையும் ஷில்லிங் கணக்குவரை அச்சிட்டுக் காட்டியிருந்தார். கலையுலகம் முகஞ்சுளித்தது. கடிகாரம் பார்த்து எழுதியவை கலையாகுமா என்று பலர் எள்ளினர். அவர் புகழும் சில காலம் மங்கியது. அவ்வெள்ளல் நேர்மையானதன்று. முன்னர் அந்நூல்களைச் சுவைத்துப் படித்தவர்களுக்கு, அவை எழுதப்பட்ட நேரம் தெரிந்தவுடன் சுவை எங்ஙனம் குறையும்? விருந்தை உண்டு மகிழ்ந்தபின், அடுப்பு மூட்டிய நேரத்தைக் கேட்டு முகஞ்சுளிப்பவர் உண்டோ? அவர் நூல்கள் அனைத்தும் ஒரே தரத்தன அல்ல என்பது மெய்யே. விரைவின் குறைகள் சிலவற்றில் உள்ளன. ஆயினும் அவற்றுள் சிறந்தவை இன்றும் அச்சாகின்றன.

இவ்வொழுங்கை அவர் கற்றது தம் தாயாரிடமிருந்தே என்று கொள்ளலாம். பிரான்சிஸ் டிரோலப் அம்மையாரின் முதல் நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 50-ஐக் கடந்திருந்தது. 1834-இல் கடன் தொல்லையால் குடும்பம் பெல்ஜியத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கணவரும் மகன் ஒருவரும் நோயுற்றுக் கிடந்தனர். பகலில் அவர்களுக்குப் பணிவிடை செய்த அம்மையார், இரவில் அமர்ந்து நாவல் எழுதினார். மருந்துப் புட்டியும் மைப்புட்டியும் அவ்வீட்டில் அருகருகே இருந்தன. அவ்வெழுத்தின் ஊதியத்தால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. மனநிலை வாய்க்கவில்லை என்று கூறும் உரிமை எவருக்கேனும் உண்டென்றால் அவருக்கே உண்டு. அவரோ அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை.

ஒரே இரவில் எழுந்த அருங்கதைகளும் உண்டே என்று சிலர் வினவலாம். பிராகு நகரில் பிரான்ஸ் காப்கா 1912 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு தொடங்கி, விடிவதற்குள் ஒரு கதையை முடித்தார். அத்தகைய இரவுகளோ அவருக்கு அரிதாகவே வாய்த்தன. அவர் தொடங்கிய மூன்று நாவல்களும் முற்றுப்பெறாமலே நின்றன. அவரும் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் ஊதியம் பெற்றவரே. முதற்கதை அச்சானவுடன் வேலையைத் துறக்க எண்ணும் இளைஞர் இதனை இருமுறை படிப்பாராக. டிரோலப்பின் முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது. அதனால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அவருக்குப் பெயர் தேடித்தந்த நான்காம் நாவல்கூட முதல் ஆண்டில் ஈட்டியது 10 பவுனுக்கும் குறைவே. அஞ்சலக ஊதியம் இல்லையேல் ஐந்தாம் நாவல் ஏது?

எழுதி முடித்ததும் இன்னொரு தொல்லை தொடங்குகிறது. பதிப்பாளர்க்கு அனுப்பிய கைப்படி, வளர்த்த புறாவைப்போல் தவறாமல் வீடு திரும்பும். சென்னையில் 1906-இல் பிறந்த ஆர். கே. நாராயண், தம் முதல் நாவலை ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பருக்கு அனுப்பியிருந்தார். பதிப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராக அதனை மறுத்தனர். மனம் சலித்த நாராயண், அக்கட்டில் கல்லைக் கட்டித் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிடுமாறு நண்பருக்கு எழுதினார். நல்லவேளையாக நண்பர் அச்சொல்லைக் கேட்கவில்லை. கைப்படியை கிரகாம் கிரீன் என்னும் எழுத்தாளரிடம் சேர்த்தார். அவர் முயற்சியால் 'சுவாமியும் நண்பர்களும்' 1935-இல் லண்டனில் வெளிவந்தது. எழுத்தாளனுக்குச் சொற்பேச்சுக் கேளாத நண்பர் ஒருவரேனும் வேண்டும்போலும்!

நூல் வெளிவந்தபின் வாசகர்கள் வருகின்றனர். அவர்கள் கருத்தை எவ்வளவு கேட்பது என்பதில் டிரோலப்பே தடுமாறினார். ஒருநாள் லண்டன் மன்றம் ஒன்றில் அமர்ந்து அவர் எழுதிக்கொண்டிருந்தார். அருகே சமயகுருமார் இருவர், அவர் நூல்களில் பழைய பாத்திரங்களே மீண்டும் மீண்டும் வருகின்றனர் என்று குறைகூறிக்கொண்டிருந்தனர். பிறரை அடக்கியாளும் இயல்புடைய பிரவுடி சீமாட்டி என்னும் பாத்திரத்தைச் சிறப்பாகச் சாடினர். டிரோலப் எழுந்து சென்று, அந்நூல்களை எழுதியவர் தாமே என்று கூறினார். பின்னர், வீட்டுக்குச் சென்று ஒரு வாரத்துக்குள் அச்சீமாட்டியைக் கொன்றுவிடுவதாக வாக்களித்தார். சொன்னபடியே, 1867-இல் நூல்வடிவம் பெற்ற நாவலில் அவள் இறந்தாள். குருமார் நாணித் தலைகுனிந்தனர். டிரோலப்போ அவளை இழந்ததற்காகப் பின்னாளில் அவ்வப்போது வருந்தினார். அவளுடைய ஆவி இன்னும் தம்மோடு வாழ்ந்து வருவதாகத் தன்வரலாற்றில் எழுதிவைத்தார்.