முண்ணாணுக்காக ஓடுவோரே, முதுகிற் சுமப்போரையும் பாருங்கள்!

ஆண்டுதோறும் மே மாத முற்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, உலகெங்கணும் ஒரே கணத்தில் ஓர் ஓட்டம் தொடங்குகிறது. ‘விங்ஸ் ஃபோர் லைஃப்’ ஓட்டம் என்பது அதன் பெயர். முண்ணாண் பழுதுற்று நடக்கமாட்டாது கிடப்போரைக் குணமாக்கும் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது அதன் நோக்கம். 2014இல் ஆரம்பமான இவ்வோட்டத்தில் 2025 மே 4ஆம் நாள் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் பங்குகொண்டனர். முடிவுக்கோடு என ஒன்று அதற்கு இல்லை. அரைமணி நேரம் பிந்திப் புறப்படும் கார் எவரை எட்டிப் பிடிக்கிறதோ, அவரது ஓட்டம் அங்கே நிறைவுறும். நுழைவுக் கட்டணம் முழுவதும் ஆராய்ச்சிக்கே செல்கிறது. கைத்தொலைபேசி வைத்திருப்போர் தம் ஊரில் இருந்தவாறே சேரலாம். இலங்கையில் அப்போது மாலை 4.30 மணி.

நற்பணி இது, இதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் மருத்துவரும் பொறியியலாளரும் வழக்கறிஞரும் இத்தகைய ஓட்டங்களிற் பங்குகொள்வதைப் பாராட்டுகிறோம். ஆயினும் அவர்களை ஒன்று வினவுகிறோம்: முதுகெலும்பு மேல்நாட்டாருக்கு மட்டுந்தான் உண்டா?

வாரத்தின் ஏனைய நாட்களில் அதே மாலை வேளையில் இறக்குவானையிலும் பலாங்கொடையிலும் தெரணியகலையிலும் எட்டியாந்தோட்டையிலும் நடப்பதென்ன? கொழுந்துச் சுமையை முதுகிலே தாங்கி, மழையில் வழுக்கும் சரிவிலே நம் சகோதரிகள் மடுவத்தை நோக்கி இறங்குகின்றனர். நிறுவைக் கணக்கு 18 கிலோவோ 20 கிலோவோ, நிர்வாகம் விதித்த அளவு நிறையாவிடில் அரைப்பேர்தான். இறப்பர் மலைகளிற் பால்வெட்டுவோர் புலர்காலை இருளிலேயே வாளியுடன் சரிவேறுகின்றனர். கால் இடறினால் என்னாகும்?

இங்கேதான் ஓடுவோர் அறியவேண்டிய செய்தி இருக்கிறது. முதுகெலும்பு முறிந்தவரைத் தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி, வளையாத பலகையில் வைத்தே தூக்கவேண்டும் என்பது மருத்துவ விதி. தவறித் தூக்கினால், எலும்போடு நின்றிருக்கக்கூடிய காயம் முண்ணாணையும் அறுத்துவிடும். தோட்டத்திலோ விழுந்தவரைக் கம்பளியிற் சுருட்டியும், தோளிலே சுமந்தும், கொழுந்து லொறியிற் கிடத்தியும் கொண்டுபோகும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் அம்புலன்ஸ் வரும். பாதையிருக்கும் இடம்வரை வரும்! குன்றும் குழியுமான தோட்டப் பாதை முடிந்து, படிக்கட்டும் முடிந்து, அதற்கும் அப்பாலிருக்கும் லயத்துக்கு எது வரும்?

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், பாதை மாறியதா? வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் நாளை முண்ணாணை இணைக்கும் மருந்து கண்டுபிடிக்கப்படட்டும், வரவேற்போம். ஆனால் வைத்தியசாலையை அடையமுடியாதவனுக்கு அம்மருந்தால் ஆவதென்ன?

“ஓட்டமும் வேடிக்கையும் வசதி படைத்தோருக்கு, தோட்டத்தானுக்கு எதற்கு?” என்று சிலர் ஏளனம் பேசுவர். நம் மக்கள் ஓடாதவர்களா? 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது, குழந்தைகளை இடுப்பிலேந்தி அவர்கள் ஓடிய ஓட்டத்தை எந்தக் கடிகாரமும் அளக்கவில்லை. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனி, ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் நிறைவெய்தியது. அந்நடையில் நீதிக்கான கோரிக்கை இருந்தது. ஆகவே சப்ரகமுவ இளைஞர் இவ்வுலக ஓட்டத்திற் பங்குகொள்க! தம் கோரிக்கையையும் உடன் ஏந்தி ஓடுக!

எவை அக்கோரிக்கைகள்? ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் வளையாத தூக்குப் பலகை ஒன்றும், அதனைக் கையாளப் பழகிய இளைஞர் நால்வரும் வேண்டும். சுமை நடக்கும் தூரம் குறையும்படி, நிறுவை மலைக்கருகே வரவேண்டும். லயம்வரை அம்புலன்ஸ் ஏறும் பாதை வேண்டும்.

தருமத்தைக் காட்டிக் கடமையிலிருந்து நழுவ எவரையும் விடலாகாது. வேலையின் காரணமாக, வேலைசெய்யும்போது நேரும் காயத்துக்குத் தொழில்தருநர் ஈடு செய்தல் வேண்டும் என்கிறது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். அது பிச்சையன்று, உரிமை. ஓடித் திரட்டும் பணம் பலகை வாங்கட்டும். பாதைக்கும் நட்டஈட்டுக்கும் அரசும் கம்பனியும் பதில் சொல்லட்டும்.

வழக்கறிஞரே, நட்டஈட்டு மனு ஒன்றை ஊதியமின்றி எழுதிக் கொடுங்கள். மருத்துவரே, ஞாயிறு ஒன்றைத் தோட்டத்துக்கு ஈந்து, விழுந்தவரைத் தூக்கும் முறையைக் கற்பியுங்கள். நெல்மூட்டை சுமந்து முதுகு நொந்த வன்னி உழவனே, கொழுந்து சுமப்பவளின் வலியை உனக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அவளுக்காக நீயும் குரல் கொடு. அடுத்த மே மாதம் மாலை 4.30க்கு ஓடப் புறப்படுமுன், எட்டியாந்தோட்டைச் சரிவில் ஒரு பலகையேனும் போய்ச் சேர்ந்திருக்கட்டும்!