கத்தல் நின்றால் கவலை தீர்ந்ததா?

"மூணு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்." தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும்போது குதிரைப் பண்ணைகளில் சொல்லப்படும் சமாதானம் இது. மும்பையின் தாராவிச் சந்திலும் செம்பூர் அடுக்குமாடியிலும் பால்குடி மறக்கடிக்க நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதேதான். வேப்பெண்ணெயைத் தடவு, பிள்ளையைப் பாட்டியோடு படுக்கப் போடு, ஒரேயடியாக நிறுத்து. அப்படி நிறுத்திய தாய்க்குப் பால் கட்டி, நெறி கட்டி, காய்ச்சல் வருவதைப் பார்த்த பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை. குதிரைக்கோ வாய் திறந்து சொல்லவும் வழியில்லை.

பிப்ரவரியில் மகாலட்சுமி பந்தயத் திடலில் இந்தியன் டெர்பி பந்தயத்தில் ஓடுபவை நான்கு வயதுக் குதிரைகள். புணே வட்டாரப் பண்ணைகளில் பிறந்தவை அவற்றில் நிறைய. அவற்றின் வம்சாவளியை விரல்நுனியில் வைத்திருக்கும் மாதுங்கா ரசிகர்கூட, ஐந்தாறு மாதக் குட்டிகளாக இருந்தபோது அவற்றை எப்படித் தாயிடமிருந்து பிரித்தார்கள் என்று கேட்பதில்லை.

ஒரேயடியாகப் பிரிக்கும் முறை இதுதான்: தாயைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத இடத்துக்கு ஓட்டிப்போவார்கள். குட்டியைத் தனிக் கொட்டடியில் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். அது கனைத்துக் கனைத்துத் தொண்டை கட்டும், வியர்த்து வழியும், சுவரோரம் சுற்றிச் சுற்றி வரும், தீனியைத் தொடாது. மூன்றாம் நாள் அடங்கும். உடனே "மறந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

மறக்கவில்லை என்பதற்குச் சாட்சி லாயத்துக் கதவிலேயே இருக்கிறது. சில குதிரைகள் மேல்வரிசைப் பல்லைக் கதவு விளிம்பில் ஊன்றி, கழுத்தை வளைத்து, உறுமலோடு காற்றை உள்ளிழுக்கும். நாளெல்லாம் இதே வேலை. மரம் அரித்துப் போகும், பல் தேயும். இதைக் 'கெட்ட பழக்கம்' என்று சொல்லி அதன் கழுத்தில் இறுக்கமான வாரைக் கட்டுகிறார்கள். இங்கிலாந்தில் 225 இளங்குதிரைகளை நான்காண்டுகள் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு வேறு காரணம் காட்டியது. கொட்டடியில் அடைத்துப் பிரிக்கப்பட்டவற்றிடம் இத்தகைய பழக்கங்கள், புல்வெளியில் பிரிக்கப்பட்டவற்றைவிடக் கூடுதல். பிரித்த பின் தானியத் தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளிடம் கதவு கடிப்பது நான்கு மடங்கு. பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நாம். வாரைச் சுமப்பது குதிரை.

"பால் வற்றும் நேரம்தானே, எப்படிப் பிரித்தால் என்ன?" என்பார்கள். அந்த வயதில் குட்டியின் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் புல்லும் தீவனமும்தான் என்பது உண்மை. அப்படியானால் அது இழப்பது பாலை மட்டுமா? பிறந்த நாள் முதல் விலகாமல் ஒட்டி நடந்த உடம்பை இழக்கிறது. தாய் மறுபடி சினையாக இருப்பதும் அவசரத்துக்குச் சாக்காகாது. மனிதர் தலையிடாத கூட்டத்தில் சினையான தாய், ஏறத்தாழ ஒன்பது பத்து மாதத்தில், அடுத்த ஈற்றுக்கு முன் தானே குட்டியை விலக்கிக்கொள்கிறது. பெரிய ரகளை எதுவும் இல்லை.

அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத பண்ணைக்கும் வழி இருக்கிறது. உறுதியான வேலிக்கு இப்புறம் குட்டி, அப்புறம் தாய்: பார்க்கலாம், மோந்துகொள்ளலாம், பால் குடிக்க மட்டும் முடியாது. அல்லது குட்டிகளைக் கூட்டமாகப் புல்வெளியில் விட்டு, சில நாளுக்கு ஒரு தாய் என்று விலக்கலாம். சாதுவான வயதான பெண்குதிரை ஒன்று கூட நின்றால் குட்டிகளின் பதற்றம் வெகுவாகக் குறையும். எதைச் செய்தாலும், பிரிப்பதற்கு முன்பே தீவனத்துக்குப் பழக்கிவிட வேண்டும். வேலிக்கும் ஆளுக்கும் செலவாகும்தான். லட்சக்கணக்கில் விலைபேசப்போகும் குட்டிக்கு அந்தச் செலவை மிச்சம்பிடிப்பது கஞ்சத்தனம்.

பண்ணை உரிமையாளர்களே, வரும் மழைக்காலத்தில் குட்டிகளைப் பிரிக்கும்போது கொட்டடிக் கதவைச் சாத்தாதீர்கள், வேலி போடுங்கள். குதிரை வாங்குகிறவர்களே, தகப்பன் பெயரைக் கேட்கும்போதே தாயிடமிருந்து எப்படிப் பிரித்தீர்கள் என்றும் கேளுங்கள்.