லினக்ஸ் கணினிகளில் முடங்கும் டிவி டியூனர்கள்: விடிவு எப்போது?

லினக்ஸ் கணினி வைத்திருக்கும் எங்களைப் போன்றோருக்கு டிஜிட்டல் டிவி டியூனர் இன்றும் எட்டாக்கனியாகவே இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிவிடுகிறோம். வாங்கியது வேலை செய்வதில்லை. இது நேற்று இன்று முளைத்த பிரச்னை அல்ல. கணினியில் டிவி பார்க்கும் கருவிகள் கடைகளுக்கு வந்த நாள் முதலே தொடர்கிறது. எந்த ஊரில், எந்தக் கடையில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "விண்டோஸ்ல ஓடுதுல்ல சார், அதுல போட்டுப் பாருங்க."

பொழுதுபோக்குக்காக எழும் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2017 ஜூலையில் தொடங்கப்பட்ட சுயம் பிரபா திட்டத்தில் 32 கல்வி சேனல்கள் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே வீடுகளுக்கு வந்தன. ஒவ்வொரு சேனலிலும் தினமும் நான்கு மணி நேரம் புதிய பாடம், அதுவே மேலும் ஐந்து முறை மறுஒளிபரப்பு என்பது ஏற்பாடு. மாதச் சந்தா கிடையாது. இணைய இணைப்பும் வேண்டாம். மாடியில் ஒரு சிறிய டிஷ் இருந்தால் போதும். ஆனால், வீட்டில் இருப்பது ஒரே டிவி. மாலை நேரத்தில் அது பெரியவர்கள் கையில். படிக்கும் பிள்ளை தன் கணினியில் பாடத்தைப் பதிவு செய்துவைத்து, மின்சாரம் இருக்கும்போது, மனம் ஒன்றும் நேரத்தில் பார்ப்பதற்கு டியூனர் ஒன்றுதான் வழி. அந்த வழிதான் அடைபட்டுக் கிடக்கிறது.

லினக்ஸை யாரோ நான்கு ஆர்வலர்கள்தான் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணமும் தவறு. தமிழகத்தில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த மென்பொருள் உருவானதே சென்னையில்தான். பக்கத்திலுள்ள கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வியே லினக்ஸில் நடக்கிறது. இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய கணினிகளைக் குப்பையில் போட மனமில்லாத குடும்பங்கள் லினக்ஸுக்கு மாறுகின்றன. பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை இனிக் கூடுமே தவிரக் குறையாது.

கருவியைச் செருகியதும் நடப்பதைக் கவனியுங்கள். கணினி அதை அடையாளம் காண்கிறது. லினக்ஸின் கருவான கெர்னலின் பதிவேட்டில் கருவியின் பெயர்கூட வந்துவிடுகிறது. அடுத்த வரியில், கருவியை இயங்கவைக்கும் ஃபர்ம்வேர் என்ற கோப்பைத் தேடுகிறது. அதற்கடுத்த வரியில் "பிழை -2". கோப்பு இல்லை என்று பொருள். அந்தக் கோப்பு எங்கேயும் தொலைந்துபோகவில்லை. டியூனருடன் வந்த விண்டோஸ் டிரைவருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அதைத் தனியே எடுத்துப் பிறருக்குத் தர உற்பத்தியாளரின் அனுமதி இல்லை. அதனால் லினக்ஸ் வெளியீடுகளில் அதைச் சேர்க்க முடிவதில்லை. விண்டோஸ் டிரைவரிலிருந்து கோப்பைப் பிரித்தெடுக்கத் தன்னார்வலர்கள் ஸ்கிரிப்ட் எழுதிவைத்தார்கள். உற்பத்தியாளர்கள் பழைய டிரைவரைத் தளத்திலிருந்து தூக்கிவிட்டால் அந்த ஸ்கிரிப்டாலும் பயனில்லை. பம்புசெட்டை விற்றுவிட்டு ஸ்டார்ட்டரைத் தர மறுப்பதற்கு ஒப்பானது இது.

ஃபர்ம்வேர் கிடைத்தாலும் துன்பம் தீர்வதில்லை. டியூனருக்குள் அலைவரிசையைப் பிடிக்கும் சிப், சிக்னலைப் பிரித்தறியும் சிப், யுஎஸ்பி வழியே கணினிக்கு அனுப்பும் சிப் எனப் பல உண்டு. பெட்டியின் மேல் மாடல் பெயரை மாற்றாமலேயே உள்ளே சிப்பை மாற்றிவிடுகிறார்கள். நண்பரின் கணினியில் ஓடுகிறது என்று அதே மாடலை வாங்கிவந்தால், நம் வீட்டில் ஓடாது. சில கருவிகளின் டிரைவர் கெர்னலோடு சேராமல் தனியாகத் தரப்படுகிறது. ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் அதை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். நேற்று வரை படம் காட்டிய கருவி இன்று காலை சும்மா கிடக்கும். லினக்ஸைப் போன்ற மற்றொரு திறந்த மூல இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியைப் பயன்படுத்துவோர் பாடு இன்னும் கடினம். லினக்ஸ் டிரைவர்களை வெப்கேம்டி என்ற நிரல் வழியே இரவல் வாங்கித்தான் அவர்கள் டியூனரை ஓட்டுகிறார்கள். அதுவும் யுஎஸ்பி கருவிகளுக்கு மட்டுமே.

குறை லினக்ஸில் இல்லை என்பதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலேயே டிஜிட்டல் டிவிக்கான அடித்தளம் இருந்தது. செயற்கைக்கோள் ஒளிபரப்பின் அடுத்த தலைமுறையான டிவிபி-எஸ்2-க்கு 2008 டிசம்பரில் வெளியான 2.6.28 கெர்னலில் வழி செய்யப்பட்டது. காஃபீன், டிவிஹெட்எண்ட், விஎல்சி என நிரல்களுக்கும் பஞ்சமில்லை. இவற்றில் பெரும்பகுதி சம்பளம் எதிர்பாராத உழைப்பு. சிப் விவரங்களைத் தராமல் அந்த உழைப்பை வீணடிப்பது நியாயமே அல்ல.

வாக்குறுதிகளுக்கு மட்டும் குறைவில்லை. "லினக்ஸ் டிரைவர் விரைவில் வரும்" என்று உற்பத்தியாளர்கள் சொல்வதும், அது வருவதற்குள் அந்த மாடலே சந்தையிலிருந்து மறைவதும் வாடிக்கையாகிவிட்டது. 2015-இல் அரசு அலுவல்களுக்குத் திறந்த மூல மென்பொருள் கொள்கை அறிவிக்கப்பட்டபோது மகிழ்ந்தோம். அந்தக் கொள்கை எங்கள் மேஜை மீதிருக்கும் கருவி வரை வந்து சேரவில்லை. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 தரைவழி ஒளிபரப்பு தொடங்கியபோது, சிறு டாங்கிளைச் செருகிக் கைப்பேசியிலும் டிவி பார்க்கலாம் என்றார்கள். கடைக்குப் போனவர்களுக்குக் கிடைத்ததோ, பழைய டிவிபி-டி மட்டுமே அறிந்த டாங்கிள்கள். அவை அந்த ஒளிபரப்பைப் பிடிக்கவே பிடிக்காது. பெட்டியிலோ "டிஜிட்டல் டிவி" என்று மட்டுமே போட்டிருந்தது. ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை.

கேட்பது பெரிய நிதி ஒதுக்கீடு அல்ல. மின்னணுப் பொருள்களின் பாதுகாப்புக்கு 2012 ஆணை மூலம் கட்டாயப் பதிவு முறை கொண்டுவரப்பட்ட நாடு இது. பாதுகாப்புக்கு விதி வகுக்க முடிந்தவர்களால் டியூனர்களுக்கும் வகுக்க முடியும். டியூனர் பெட்டியின் மேல் உள்ளிருக்கும் சிப்களின் பெயர், ஏற்கும் ஒளிபரப்பு முறை, இயங்கும் இயங்குதளங்கள் ஆகியவை அச்சிடப்பட வேண்டும். சிப்பை மாற்றினால் மாடல் எண்ணையும் மாற்ற வேண்டும். ஃபர்ம்வேரைப் பிறருக்கு வழங்கும் உரிமையோடு உற்பத்தியாளர் வெளியிட வேண்டும். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் டியூனர் வாங்கும் டெண்டர்களில், கெர்னலிலேயே டிரைவர் உள்ள கருவிக்கு மட்டும் இடம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சந்தை தானே வழிக்கு வரும். அதிர்வெண், சிம்பல் ரேட் போன்ற விவரங்கள் மாறும்போதெல்லாம், நிரல்கள் நேரடியாகப் படிக்கும் கோப்பாக அவற்றை ஒளிபரப்புவோர் வெளியிட வேண்டும். தேடிச் சலிக்கும் வேலை பாதி குறையும்.

வானில் வரும் பாடத்துக்கும் மக்கள் வரிப்பணம் செலவாகிறது. பாஸ் லினக்ஸுக்கும் அதே பணம்தான் செலவானது. இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் ரூபாய்க் கருவி ஒன்று தடையாக நிற்பதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியாது. அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் இந்த விதிகளை வகுத்து, கடைப்பிடிக்காதவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சம்பந்தப்பட்டவர்கள் முன்வர வேண்டும் என்பதே பாதிக்கப்பட்ட எங்கள் அனைவரின் கோரிக்கை.