பழைய ஜீப்பின் தரையில் துரு: மேலே தகரம் போட்டு மூடினால் போதுமா?

பழைய ஜிப்ஸியோ மஹிந்திரா ஜீப்போ வாங்கும் பலர் முதலில் செலவு செய்வது டயருக்கு. அடுத்து பம்பர், விஞ்ச், கூரை மேல் நாலு விளக்கு. காலுக்குக் கீழே இருக்கும் தரைத் தகரத்துக்குக் கடைசி இடம்தான். ரப்பர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது என்ற நிலை வந்த பிறகுதான் டிங்கர் கடை ஞாபகத்துக்கு வரும். அங்கே பெரும்பாலும் கிடைக்கும் யோசனை இது: "மேலேயே ஒரு தகரம் வெச்சு அடிச்சுடலாம் சார், வெளிய தெரியாது."

வெளியே தெரியாது என்பது உண்மை. ஆனால் துரு உள்ளே வேலையைத் தொடரும். பழைய ஜீப்புக்குச் செலவு செய்யும் முதல் ரூபாய் தரைக்குத்தான் போக வேண்டும், அது முடியாவிட்டால் வண்டியையே வாங்கக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

தொழிற்சாலை என்ன செய்கிறது?

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஊர் பென்னலூர். பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாரிக்கிறது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், டைம்லரின் பாரத்பென்ஸ் ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் திறக்கப்பட்டன. இந்தச் சாலைகளில் தினமும் போய்வரும் பலருக்கு கார் பாடி எப்படித் துருவில் இருந்து காக்கப்படுகிறது என்பது தெரிந்த விஷயம்தான்.

வெல்டிங் முடிந்த பாடியை முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுவார்கள். பிறகு பாஸ்பேட் பூச்சு. அதன் பின் முழு பாடியையும் பெயிண்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். இதற்குப் பெயர் 'ஈ.டி. கோட்'. ஸ்ப்ரே கன் எட்டாத மடிப்புகளிலும் பெட்டி போன்ற உள்கூடுகளிலும் பெயிண்ட் போய் ஒட்டும். அடுப்பில் சுட்டு இறுக்கிய பிறகு, தகரங்கள் சேரும் இடங்களில் சீலர் அடிப்பார்கள். இதெல்லாம் முடிந்துதான் நாம் பார்க்கும் கலர் பெயிண்ட் வருகிறது.

தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தொட்டி கிடையாது. வெல்டிங் வைத்த இடத்தில் பழைய பூச்சும் வெந்து போய்விடும். ஆகவே ஆலை ஒரே முக்கில் செய்ததை இங்கே கையால், ஒவ்வொரு படியாகச் செய்தாக வேண்டும். ஒரு படி விட்டுப் போனாலும் அங்கேதான் மறுபடி துரு கிளம்பும்.

துரு எங்கிருந்து வருகிறது?

இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன். இந்த மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்தால் வேகம் கூடும். ஆலைகளின் துருச் சோதனையே 35 டிகிரி வெப்பத்தில் 5 சதவீத உப்புக் கரைசலைத் தூவித்தான் நடக்கிறது. வார இறுதியில் கடற்கரை மணலில் ஜீப்பை ஓட்டிவிட்டு அடிப்பக்கம் கழுவாமல் நிறுத்துவதும் கிட்டத்தட்ட அதே சோதனைதான்.

தரை பெரும்பாலும் மேலிருந்தும் அழுகும். மழைக்கால ஈரச் செருப்பு, கண்ணாடி ரப்பர் வழியே கசியும் தண்ணீர், மேட்டுக்கு அடியில் போட்ட ஸ்பாஞ்ச். அது ஒருமுறை நனைந்தால் நாள் கணக்கில் காயாது. வெள்ளம் இன்னும் மோசம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகளில், தரைக்கு அடியில் இருக்கும் கூடுகளுக்குள் சேறு புகுந்திருக்கும். மேலே பாலிஷ் போட்டாலும் அந்தச் சேறு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்.

துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதையும் கவனியுங்கள். இரண்டு தகரங்களுக்கு நடுவில் அது ஊதும்போது ஸ்பாட் வெல்டிங்கே பிரியத் தொடங்கும்.

இது அழகுப் பிரச்சினை இல்லை

சீட்டின் போல்ட்டுகள் தரையில்தான் இறங்குகின்றன. சீட் பெல்ட்டின் கீழ்முனையும் பல வண்டிகளில் தரையிலோ அதை ஒட்டிய பகுதியிலோதான் பிடித்திருக்கும். மோதலில் உங்கள் உடல் எடையின் பல மடங்கு இழுவிசையை அந்தத் தகரம் தாங்க வேண்டும். துருவில் இளைத்த தகரம் கிழியும். சீட், பெல்ட், நீங்கள் மூன்றும் சேர்ந்து முன்னால் போவீர்கள்.

இன்னொரு ஆபத்து புகை. சைலன்சர் குழாயில் கசிவு இருந்தால், தரை ஓட்டை வழியாக கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரலாம். அதற்கு வாசனை கிடையாது.

மேலே தகரம் போட்டால் என்ன தப்பு?

துருவேறிய பழைய தகரம் அப்படியே கீழே இருக்கும். புதுத் தகரத்தின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் இருக்காது. நடுவில் ஈரம் தங்கும். ஆக, ஒரு துருவுக்குப் பதில் இரண்டு. இளைத்த தகரத்தில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, ஓட்டை விழும். அந்த ஓட்டையை மறைக்கப் பட்டி பார்ப்பார்கள், மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் அடிப்பார்கள். பளபளவென்று இருக்கும் அடிப்பக்கத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய வண்டியில் புதுசாக அடித்த கறுப்புப் பூச்சு, சந்தேகப்பட வேண்டிய முதல் அடையாளம்.

சரியான வேலை எப்படி இருக்கும்?

முதலில் சீட், மேட், ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஸ்குரூ டிரைவரால் தட்டியும் குத்தியும் பார்க்க வேண்டும். 'டங்' என்று கேட்டால் நல்ல இரும்பு. மந்தமான சத்தம் வந்தாலோ பொத்தென்று இறங்கினாலோ அந்த இடம் போய்விட்டது. மேலோட்டமான துருவுக்கு கம்பி பிரஷும் ரஸ்ட் கன்வெர்ட்டரும் போதும். ஓட்டைக்கு அவை மருந்தாகாது.

இரண்டாவது, நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுக்க வேண்டும். ஓட்டை உள்ளங்கை அளவு என்றால் வெட்டும் அளவு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரலாம். பெரிய பகுதியை வெட்டும் முன் கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே கம்பி வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பாடி கோணி, கதவு பொருந்தாது.

மூன்றாவது, அதே கனமுள்ள சி.ஆர். ஷீட். நல்ல பகுதியை அளந்து பார்த்து வாங்க வேண்டும். 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். ஜி.ஐ. தகரத்தைப் போட்டால் வெல்டிங்கில் வரும் துத்தநாகப் புகை வேலை செய்பவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும்.

நான்காவது, வெல்டிங். மெல்லிய தகரத்துக்கு சி.ஓ.2 வெல்டிங்தான் வசதி. ஒரே இழுப்பில் ஓட்டாமல், இடைவெளி விட்டுப் பொட்டுப் பொட்டாக வைத்து, ஆறவிட்டு நிரப்பினால் தகரம் நெளியாது. அதற்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றுவதும், பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் பாதுகாப்பதும், தீயணைப்பானைப் பக்கத்தில் வைப்பதும் கட்டாயம்.

கடைசியாகப் பூச்சு. ஹார்டனர் கலந்த எபாக்ஸி பிரைமர் மேலும் கீழும். அதன் மேல் இணைப்புகளில் சீலர், பிறகு பெயிண்ட், எல்லாம் காய்ந்த பின்தான் அண்டர்கோட்டிங். உள்கூடுகளில் மெழுகுப் பூச்சு. தண்ணீர் வடியும் துளைகளை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண்.

காசு எங்கே போக வேண்டும்?

இதில் தகரத்தின் விலை சின்னது. கூலியும் நேரமும்தான் பெரிது. நாம் "மொத்தமா எவ்ளோ?" என்று கேட்டு அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசுகிறோம். அப்புறம் டிங்கர் வேகமாக மூடத்தான் பார்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாள் கூலி பேசுங்கள். வெட்டிய பிறகு, வெல்டிங் முடிந்த பிறகு, பிரைமர் அடித்த பிறகு என மூன்று கட்டங்களில் போட்டோ கேளுங்கள். மறைந்து போகும் வேலைக்கும் காசு தருகிறோம் என்று தெரிந்தால், நல்ல கைக்காரர் நன்றாகவே செய்வார். நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தப் போட்டோக்களே சாட்சி.

எப்போது வேண்டாம் என்று சொல்வது?

"இவ்வளவு செலவுக்குப் புது வண்டியே வாங்கலாமே?" என்ற கேள்வி நியாயமானது. 2020இல் வந்த புதிய தார், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. 1985இல் அறிமுகமான ஜிப்ஸி எவ்வளவு நன்றாகப் பழுதுபார்த்தாலும் அந்தப் பாதுகாப்புக்கு வராது. காற்றுப்பையும் கிடையாது. தினசரி குடும்ப வண்டியாக அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அரசுக் கட்டணமும் ஏறியிருக்கிறது. 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் ரூ.600 என்பது ரூ.5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் ரூ.10,000 ஆனது. புதுப்பிப்புக்கு முன் வண்டி ஆய்வுக்கும் போக வேண்டும்.

என் எல்லைக்கோடு இதுதான்: துரு தரைத் தகரத்தோடு நின்றால் வெட்டிச் சரிசெய்யுங்கள். சேஸிஸிலும், பாடி அதில் உட்காரும் இடங்களிலும் உதிர்ந்திருந்தால், அது தெருமுனை வேலை இல்லை. வாங்கப் போகிறீர்கள் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

வாங்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். "மேட்டைத் தூக்கிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். விற்பவர் தயங்கினால், விஞ்ச் எவ்வளவு பெரிசு என்பது முக்கியமே இல்லை.