விரல்நுனி வியர்வை சாட்சியாகுமா?

பரபரப்பான வழக்கொன்று துப்புத் துலங்காமல் இழுத்துக்கொண்டே போனால், சந்தேக நபர்களுக்கு உண்மை கண்டறியும் சோதனை நடத்தப்போவதாகச் செய்தி வருகிறது. ‘பாலிகிராஃப்’ எனும் அந்தக் கருவியால் உண்மையைக் கண்டறிய முடியாது. அது அளப்பது உடலின் பதற்றத்தை மட்டுமே.

மார்பில் கட்டிய பட்டை மூச்சையும், கையில் சுற்றிய பட்டை ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பதிவு செய்கின்றன. இரு விரல்களில் பொருத்திய மின்முனைகளுக்கு இடையே, உணர முடியாத அளவு மின்சாரம் செலுத்தப்படுகிறது. பதற்றம் வந்ததும் பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்ட, சில நொடிகளில் தோலின் மின்கடத்தும் திறன் உயர்ந்து, வரைபடத்தில் கோடு எகிறுகிறது. பொய் சொல்பவருக்கும் இப்படி வியர்க்கும். செய்யாத கொலைக்குத் தன்மேல் பழி விழுமோ என்று நடுங்குபவருக்கும் வியர்க்கும். பயமா, கோபமா, அவமானமா என்று அந்தக் கோட்டுக்குத் தெரியாது.

சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியங்களை விற்றுவந்த சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறியவர். 1994-ல்தான் கைதானார்.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003-ல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், குற்றமற்ற சுமார் 1,600 பேரும் சேர்ந்தே மாட்டுவார்கள். குறிப்பிட்ட ஒரு சம்பவத்தை விசாரிக்கும்போது, வெறும் ஊகத்தைவிட இக்கருவி மேல் என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. விசாரணைக்கு ஒரு திசை காட்டலாம், அவ்வளவுதான்.

நம் நாட்டில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தி இச்சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்றது. சம்மதத்தை நீதித்துறை நடுவர் முன் பதிவு செய்ய வேண்டும். சம்மதித்தவரின் சோதனை முடிவைக்கூட நேரடிச் சாட்சியமாக ஏற்க முடியாது.

ஆனால், நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பது வேறு. ‘சோதனைக்கு மறுத்தார்’ என்ற ஒரு வரி போதும், ஊரார் அவரைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள். மறுப்பது அவருடைய உரிமை என்பதை அதே செய்தியில் எழுத வேண்டிய பொறுப்பு ஊடகங்களுக்கு உண்டு. வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்பே சோதனை முடிவுகள் கசிவதைக் காவல் துறை தடுத்தாக வேண்டும்.