மனுவை எழுதுவது யார்?

நம் சிறுகதைகளில் விவாகரத்து என்றால் தவறாமல் ஒரு வக்கீல் வருவார். கறுப்பு அங்கி, தடித்த புத்தகங்கள், கூண்டில் நிற்கும் பெண்ணிடம் கூச வைக்கும் இரண்டு கேள்விகள். அத்தோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் குடும்ப வழக்கில் வக்கீலின் பங்கு விசாரணை நாளுக்கு வெகு முன்பே, மனு எழுதப்படும் மேசையிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அத்தகைய வழக்குக்கு வக்கீல் தேடுகிறவர்கள் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைவிட எப்படி எழுதுகிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்; அவர் வழக்கு நடக்கும் ஊரிலேயே தொழில் செய்பவராகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சட்டத்தின் விருப்பம் வேறாக இருந்தது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், தன் 13ஆம் பிரிவில், வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை அல்ல என்றே சொல்கிறது. தேவைப்பட்டால் நீதிமன்றமே ஒரு சட்ட வல்லுநரின் உதவியைக் கேட்டுக்கொள்ளலாம். கணவனும் மனைவியும் நேரே வந்து பேசட்டும், ஆலோசகர் உடனிருக்கட்டும், முடிந்தவரை சமரசம் செய்யட்டும் என்பது அதை எழுதியவர்களின் கனவு. நல்ல கனவுதான். நடைமுறையில் அனுமதி மனு ஒன்றைப் போட்டு இரு தரப்புக்கும் வக்கீல்கள் ஆஜராகிறார்கள். வேறு வழியும் இல்லை. சட்டம் தெரியாத ஒருத்தி, சட்டம் தெரிந்த ஒருவர் தயாரித்துக் கொடுத்த எதிருரைக்குத் தனியாகப் பதில் எழுதிவிட முடியுமா?

இனி மனுவுக்கு வருவோம். இந்து திருமணச் சட்டத்தின்படி, இருவரும் மனமொத்துப் பிரிந்தாலொழிய, ஒருவர் மற்றவர் மீது ஏதேனும் ஒரு குற்றத்தை நிறுவியே பெரும்பாலும் விலக வேண்டியிருக்கிறது: கொடுமை, பிறன்மனை உறவு, இரண்டாண்டுக்குக் குறையாமல் கைவிட்டுப் போனது. ‘இந்த மணம் இறந்துவிட்டது, இருவருமே கெட்டவர்கள் அல்ல’ என்று சொல்லி வெளியேற அந்தச் சட்டத்தில் கதவு இல்லை. 2023இல் அரசியலமைப்பு அமர்வு ஒன்று, மீட்க முடியாதபடி முறிந்த மணத்தைத் தன் தனி அதிகாரத்தால் உச்ச நீதிமன்றம் கலைக்கலாம் என்று சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் மாவட்டத் தலைநகரில் இருக்கும் நீதிபதிக்குக் கிடையாது. எனவே பழி சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. எவ்வளவு சொல்வது, எந்தச் சொல்லில் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதில்தான் வக்கீலின் தரம் தெரியும்.

தரமற்ற இடத்தில் நடப்பது இதுதான். குமாஸ்தாவின் கணினியில் பழைய மனு ஒன்று இருக்கும். பெயர், வயது, திருமணத் தேதி மாறும், பத்திகள் மாறாது. எல்லாக் கணவர்களும் குடித்துவிட்டு வந்து அடிப்பார்கள். எல்லா மனைவிகளும் மாமியாரை மதிக்காமல் அடிக்கடி தாய்வீடு போவார்கள். பன்னிரண்டு வருட வாழ்க்கையில் இருவருக்கு மட்டுமே தெரிந்த அந்தத் தனிக் கசப்பு (சாப்பாட்டு மேசையின் மௌனம், மருத்துவமனைக்குத் தனியாகப் போய் வந்த ஒரு நாள்) அதில் ஒரு வரியாகக்கூட வராது. மனு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். மாவட்ட அளவிலான நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடத்தலாம் என்றாகிப் பல பத்தாண்டுகள் ஆகியும் நிலைமை இதுதான். தன் வாழ்க்கையைப் பற்றித் தான் சொன்னதாக எழுதப்பட்ட பிரதியை, வாசிக்கத் தெரியாமலே, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டுத் தருகிறாள் ஒருத்தி. எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இந்த எழுத்தைப் பற்றிப் பேசியதே இல்லை.

இது ரசனை சார்ந்த குறை மட்டுமல்ல, சட்டப்படியும் ஆபத்தானது. 1993இல் பகத் வழக்கில், மனைவி தன் எதிருரையில் கணவருக்கு மனநலக் கோளாறு என்று எழுதியதையே மனரீதியான கொடுமையாகக் கொண்டு உச்ச நீதிமன்றம் மணத்தைக் கலைத்தது. ஒழுக்கத்தின் மீது ஆதாரமின்றி வீசும் வரிகளுக்கும் இதே கதிதான். காரத்துக்காக வக்கீல் சேர்த்த ஒரு வரி, கட்சிக்காரரையே தோற்கடிக்கும். போதாக்குறைக்கு அந்தக் காகிதம் அழிவதில்லை. மகனோ மகளோ பதினெட்டு வயதில் ஒருநாள் பரணிலிருந்து எடுத்துப் படிக்கக்கூடும்.

ஊர் விஷயம் அடுத்தது. வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதன் முக்கியத்துவம், தடுத்தாட்கொண்ட புராணம் படித்தவர்களுக்குத் தெரியும். புத்தூர் மணப்பந்தலில் முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தனக்கு அடிமை என்று ஓலை நீட்டுகிறார். நம்பி ஆரூரர் அதைப் பறித்துக் கிழிக்கிறார். முதியவரின் ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்பதால் வழக்கு அங்கே போகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை இதோ என்கிறார். பாட்டனார் கையெழுத்தை ஒப்புநோக்கி அவையோர் அவர் பக்கமே தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் இறைவன் என்பதால் நமக்கு மனக்குறை இல்லை. ஆனால் அது வாதியின் ஊரில், வாதியின் ஊரார் முன் நடந்த வழக்கு. பந்தலில் விடப்பட்ட சடங்கவியாரின் மகளுக்கு அந்த அவையில் இடமில்லை.

அவளைப் போன்றவர்களுக்குச் சட்டம் 2003இல்தான் ஓர் ஊர் கொடுத்தது. அதற்கு முன், திருமணம் நடந்த இடம், எதிர்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்றில்தான் பொதுவாக மனுப் போட முடியும். அந்த ஆண்டின் திருத்தம், மனைவி மனுதாரராக இருந்தால் தான் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்றது. இவ்வளவு போராடிக் கிடைத்த உள்ளூரை, சென்னையிலிருந்து பெரிய வக்கீல் ஒருவரை அமர்த்தி வீணாக்குகிறவர்களைப் பார்க்கிறோம். பெரியவர் முதல் வாய்தாவுக்கு வருவார். அடுத்ததற்கு ஜூனியர் வருவார். அதற்கடுத்த வாய்தாவில் அவகாசம் கேட்டு ஒரு வரி மட்டும் வரும். கட்சிக்காரரோ ஆலோசனை அமர்வுக்குத் தானே நேரில் வந்தாக வேண்டும். அவருக்கு விடுப்பும் பேருந்துக் கட்டணமும் மிச்சமாவதில்லை.

உள்ளூர் வக்கீலுக்கு இன்னொரு பலம் உண்டு. ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. கணவர் தம் பத்திரத்தில் மாதச் சம்பளம் ஒன்றை எழுதி முடித்துவிடுவார். கடைத்தெருவில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள், மைத்துனர் பெயரில் ஓடும் லாரி, குத்தகைக்குப் போன நிலம் எதுவும் அதில் இருக்காது. அவற்றைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேட்க அந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்து பழகியவரால்தான் முடியும்.

மறுப்பும் உண்டு, நியாயமான மறுப்பு. சிற்றூரில் எல்லோரும் எல்லோருக்கும் வேண்டியவர்கள். வக்கீல் எதிர்தரப்பின் சாதிக்காரராக இருப்பார், அல்லது அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதியிருப்பார். சொன்ன ரகசியம் மாலைக்குள் தேர்முட்டிக்கு வந்துவிடும் என்று ஒரு பெண் அஞ்சினால், அந்த அச்சத்தைப் பழிக்க நான் தயாரில்லை. இதற்கு என்னால் சொல்ல முடிந்தது, உள்ளூர் என்றால் சொந்தத் தெரு என்று கொள்ளாமல் நீதிமன்றம் இருக்கும் ஊர் என்று கொள்ளலாம் என்பதே. ஆனால் வக்கீல்கள் இருவரும் எதிரெதிரே வாதிட்டுவிட்டு ஒன்றாகத் தேநீர் குடிக்கிறார்கள் என்ற பரவலான சந்தேகத்தை நான் ஏற்கவில்லை. ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் பரஸ்பர சம்மதத்தில் விலகலாம்; அதற்குரிய ஆறுமாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அத்தகைய முடிவுகளுக்கான பேச்சு அந்தத் தேநீரோடுதான் தொடங்குகிறது.

பணம் பற்றிச் சுருக்கமாக. ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசும் வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். வழக்கறிஞர் குழும விதிகள் அதைத் தடுக்கின்றன. வக்கீலை மாற்றும்போது, கட்டண பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டை அவர் பிடித்து வைத்துக்கொள்ளவும் முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பணமே இல்லையென்றாலும், பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் தரச் சட்டப் பணிகள் ஆணைக்குழு கடமைப்பட்டிருக்கிறது. அப்படி வருகிறவரிடமும் மனுவைத் தமிழில் கேட்கலாம். வீட்டுக்கு எடுத்துப் போய் ஓர் இரவு முழுக்கப் படித்து, பொய்யென்று தெரிந்த வரிகளைப் பென்சிலால் அடித்துவிட்டு, மறுநாள் காலை கையெழுத்திடலாம்.